இடது காது தப்பியது

மகனுக்கு,

நலமா என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. நான் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை அறைத் தோழர்களோடு பிரியாணி அண்டாவைச் சுற்றி நின்று பல்லைக் காட்டிக்கொண்டு எடுத்த படத்தைப் பார்த்தேன். ஒரகடத்துக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே பட்டா வாங்கிக் குடியேறிவிட்ட மாதிரி இருக்கிறது உன் நடப்பு. செவிலிமேட்டில் உனக்கு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் உனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான், இன்னொன்று பிறக்கப் போகிறது என்பதையெல்லாம் யாராவது உனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே நேராகவே திட்டத் தொடங்குகிறேன்.

இதைத் தபாலில் அனுப்பவில்லை. எழுதி முடித்ததும் படம் பிடித்து, நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று கேட்பாய். நீ எங்கே சொன்னாய்? உன் பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தி நடந்துகொண்டிருந்தபோது, இலைமுன் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாய். "எங்க பரம்பரையில இந்த நோவு யாருக்கும் கெடையாதுபா. எல்லாம் அவங்க வூட்டு ரத்தம்." உன் மனைவி அப்போது உன் இலைக்குத்தான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். வயிற்றில் உன் பிள்ளையைச் சுமந்துகொண்டு, குனிந்து குனிந்து, அந்தப் பந்தி முழுவதற்கும் அவள்தான் மோர் ஊற்றினாள். அன்றைக்கே எழுந்து கேட்டிருப்பேன். புதுவீடு புகுகிற நாளில் சண்டை எதற்கு என்று விட்டேன். ஊரறியப் பேசியவனுக்கு ஊரறியத்தான் பதில் சொல்ல வேண்டும். பெயர்களை மட்டும் எழுதவில்லை. அவரவர் செய்தது அவரவருக்குத் தெரியும்.

முதலில் அந்த ரத்த விஷயத்தை முடித்துவிடுகிறேன். உன் பிள்ளையின் மூக்கு உன் மூக்கு. தூங்கும்போது ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுக்கொள்வது உன் அம்மாவின் பழக்கம். அவள் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு அது எப்படி வந்ததோ! இதெல்லாம் எந்த வழியாக வந்தது என்று யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை. ஹீமோபீலியா என்றதும் மட்டும் அத்தனை பேரும் வக்கீலாகிவிட்டீர்கள். டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார்: இது தாய் வழியாகவும் வரலாம், யாருக்குமே இல்லாமல் ஒரு பிள்ளையிடம் புதிதாகவும் தொடங்கலாம். அடுத்த பிரசவத்தில் கவனமாக இருப்பதற்காக உன் மனைவிக்குப் பரிசோதனை செய்தார்கள். அதன் முடிவு அவளுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். அவள் என்னிடம் சொல்ல வந்தாள். எனக்கு வேண்டாம் அம்மா என்று சொல்லிவிட்டேன். அது எப்படி இருந்தாலும் நான் வெந்நீர் வைக்கிற அடுப்பும் மாறாது, அவன் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதும் மாறாது. உனக்கு மட்டும் என்ன மாறப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

நீ வீட்டில் இருந்த நாட்கள் குறைவு என்பதால் சிலவற்றை நினைவுபடுத்துகிறேன். அவன் தவழத் தொடங்கியபோது முட்டியெல்லாம் நீலம் பாரித்தது. நான் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறிக்குழியின் ஓரத்தில் இடித்துக்கொள்கிறான் என்று நினைத்து, உன் அம்மாவின் பழைய புடவைகளை மடித்துத் தைத்துக் குழியைச் சுற்றி மெத்தை மாதிரிக் கட்டினேன். தறிக் கால்களுக்கும் சுற்றினேன். அப்படியும் நீலம். பெற்றவள் அடிக்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். தெருவை விடு. நீயே வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "கொயந்தைய என்னாடி பண்ண?" என்று கேட்டாய். பிறகு ஒருநாள் பிள்ளை கீழே விழுந்து உதடு கிழிந்து, அந்தச் சின்னக் கிழிசலிலிருந்து ரத்தம் நிற்பதும் கசிவதுமாக இருந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், நோய்க்குப் பெயர் தெரிந்தது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு சரக்கு அவன் உடம்பில் இல்லை. அதற்கு ஃபேக்டர் என்று பெயர். அதை மருந்தாகச் சின்னக் குப்பியில் தருகிறார்கள். நரம்பு வழியாக ஏற்றினால் ரத்தம் உறையும். சில நாளில் அது உடம்பில் தீர்ந்துவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் நோய். சாபமும் இல்லை, சாமி குத்தமும் இல்லை.

நானும் உன் மனைவியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரம் தவறாமல் அந்த வார்டுக்குப் போகிறோம். அங்கே அவனைப் போலப் பல பிள்ளைகள். ரத்தம் உறையாதவர்கள் ஒரு பக்கம், உடம்பில் ரத்தமே ஊறாமல் மாதாமாதம் ஏற்றிக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். எல்லாரையும் பார்த்துக்கொள்வது ஏனாத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற ஒரு சிஸ்டர். சாந்த சொரூபி என்று நினைத்துவிடாதே. குரல் வாசல் வரைக்கும் கேட்கும். முதல் நாளே என்னிடம் மாட்டிக்கொண்டார், அல்லது நான் அவரிடம் மாட்டிக்கொண்டேன். பிள்ளை கையை நீட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தான். நான் நம் வழக்கப்படி, "சமத்தா இரு, வலிக்கவே வலிக்காது" என்றேன். சிஸ்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தாத்தா, பொய் சொல்லாதீங்க. வலிக்கும். இன்னிக்கு நீங்க பொய் சொன்னா அடுத்த வாரம் அவன் என்னை நம்ப மாட்டான்." பிறகு அவனிடம் குனிந்து, "வலிக்கும்பா. பத்து எண்ணறதுக்குள்ள முடிஞ்சிடும். எந்தக் கைன்னு நீயே சொல்லு" என்றார். அவன் யோசித்து இடது கையைக் கொடுத்தான். அவனுக்கு அப்போது ஆறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். ஆறுக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

அந்த வார்டில் யாரும் பிள்ளையைப் பார்த்து "சேட்டை பண்ணா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டக் கூடாது. மிரட்டினால் சிஸ்டர் மிரட்டியவரை வெளியே அனுப்பிவிடுவார். ஊசி இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு மாதிரி. சோற்றைக் காட்டியா பயமுறுத்துவாய் என்று கேட்பார். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பிள்ளைகளுக்கு மேலே வெட்டுப்படுவதைவிட உள்ளே கசிவதுதான் பெரிய ஆபத்து. முட்டிக்குள் ரத்தம் இறங்கும். இறங்க இறங்க மூட்டு கெட்டு, கடைசியில் கால் மடங்காமலே போய்விடும். வீக்கம் தெரிவதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரியும். உன் பிள்ளை, "முட்டில எறும்பு ஊர்து" என்பான். எறும்பு எங்கேடா என்று தேடாமல் உடனே மருந்து ஏற்ற வேண்டும், துணியில் ஐஸைச் சுற்றி வைக்க வேண்டும், காலை அசையாமல் உயர்த்தி வைக்க வேண்டும். "அவன் எறும்பு ஊர்துன்னு சொன்னா நம்புங்க. வீங்கின பிறகு நம்பறதுக்கு நீங்க எதுக்கு, வழியில போறவனே நம்புவான்" என்றார் சிஸ்டர். உன் பெரியப்பாவோ சுளுக்கு என்று சொல்லி, நல்லெண்ணெய் தடவி உருவிவிட்டு, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார். உருவினாலும் சூடு வைத்தாலும் கசிவு அதிகமாகும் என்று எத்தனை தடவை சொன்னாலும், "எங்க காலத்துல" என்று ஆரம்பித்துவிடுகிறார். அவர் காலத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகளெல்லாம் என்ன ஆனார்கள் என்று கேட்டால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

எனக்கு அந்த வார்டில் ஆத்திரம் பொங்குவது எதற்குத் தெரியுமா? அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் ஆண்பிள்ளை என்று உட்கார்ந்திருப்பது நான் ஒருவன். அதுவும் கிழவன். அப்பாக்கள் எங்கே? வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாசலில் டீ குடிக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டுமென்றால் உள்ளே வந்து, கட்டில் பக்கம் பார்க்காமல் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். வாலாஜாபாத்திலிருந்து வருகிற ஒரு பெண் ஒருநாள் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு உள்ள வரமாட்டாரு தாத்தா. கொயந்தைய அப்படிப் பாக்க அவருக்கு மனசு தாங்காதாம்." மனசு தாங்காதாம்! குத்திக்கொள்கிற பிள்ளை தாங்குகிறது. பிடித்துக்கொள்கிற தாய் தாங்குகிறாள். நாள் முழுக்கக் குத்திக்குத்தி அத்தனை அழுகையையும் கேட்கிற சிஸ்டர் தாங்குகிறார். டீக்கடையில் நிற்கிறவனுக்கு மனசு தாங்கவில்லை. அந்தப் பெண்ணிடம் அவள் புருஷனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என் மகன் டீக்கடை வரைக்கும் கூட வருவதில்லையே என்று நினைவு வந்து மூடிக்கொண்டேன்.

இனி அந்தக் காதுக்கு வருகிறேன். காது குத்தவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆசையாக இருந்தால் பிறகு பார்க்கலாம், மருந்து ஏற்றிக்கொண்டு வார்டில் வைத்துக் குத்தலாம், இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். உன் மனைவி ஸ்கேனுக்குப் போன நாளாகப் பார்த்து, நீயும் உன் பெரியப்பாவும் காரில் வந்தீர்கள். "கொலதெய்வத்தைக் கும்பிட்டு வந்துடறோம்பா" என்றாய். நான் தறியில் இருந்தேன். சரி, அப்பன் பிள்ளையைக் கோவிலுக்குக் கூட்டிப்போகிறான் என்று சந்தோஷப்பட்டு, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். மதியம் திரும்பி வந்தபோது பிள்ளையின் வலது காதில் சந்தனம், சந்தனத்துக்கு நடுவே கடுக்கன். உன் பெரியப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தியா தம்பி, ஒரே ஒரு சொட்டு. அவ்ளோதான். நின்னுப்போச்சு. இந்த டாக்டருங்க சும்மா பயமுறுத்திக்கினு இருக்காங்க." உன் முகம் வெளுத்திருந்தது. சாப்பிட்டுவிட்டு, ஷிஃப்ட் இருக்கிறது என்று கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

சம்பிரதாயம் சம்பிரதாயம் என்று குதிக்கிறீர்களே, தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துகிற சம்பிரதாயம் எந்த ஊரில் இருக்கிறது? அவள் அண்ணனுக்குச் சொன்னால் விஷயம் அவளுக்குப் போய்விடும் என்று அவனைக் கூப்பிடவே இல்லை. நீயே மடியில் வைத்துக்கொண்டாய். உங்களுக்கு வேண்டிய இடத்தில் சம்பிரதாயம் வளைகிறது. அவளும் பிள்ளையும் கெஞ்சுகிற இடத்தில் மட்டும் இரும்பாக நிற்கிறது.

அவன் ரத்தத்தின் புத்தி உனக்குத் தெரியாது, ஏனென்றால் அதைச் சொல்லிக்கொடுத்த நாளில் நீ வரவில்லை. முதலில் நின்ற மாதிரிதான் இருக்கும். மேலே ஒரு மூடி போட்ட மாதிரி. சில மணி நேரம் கழித்து மூடி விலகும். விளக்கு வைக்கிற நேரத்தில், நூல் சுற்றுகிற குச்சிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தவன், "தாத்தா, சட்டை ஈரமா இருக்குது" என்றான். காலர் முழுக்கச் சிவப்பு. அந்த நேரத்தில்தான் உன் மனைவி வந்து சேர்ந்தாள். யார் செய்தது என்று கேட்கவில்லை. அழவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, மடித்த துணியால் காதை முன்னும் பின்னும் விரலால் அழுத்திப் பிடித்தாள். "மாமா, ஆட்டோ" என்றாள். பிடித்த பிடியை ஆஸ்பத்திரிப் படி ஏறும் வரைக்கும் அவள் தளர்த்தவில்லை. வழியெல்லாம் அவன் காது பக்கம் குனிந்து, முன்னால் போகிற ஆட்டோக்களின் பின்னால் எழுதியிருக்கிற எழுத்துகளையெல்லாம் படித்துக் காட்டிக்கொண்டே வந்தாள்.

சிஸ்டர் கிளம்புகிற நேரம். ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தவர் அதை மேசைமேல் வைத்துவிட்டார். சந்தனத்தைத் துடைத்ததும் கடுக்கன் தெரிந்தது. "யாரு பண்ணது?" என்றார். உன் மனைவி என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியல சிஸ்டர். நான் வீட்ல இல்ல." உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பந்தியில் அவள் ரத்தத்தைக் காட்டிக்கொடுத்த உன்னை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொன்னேன், "என் மகன் பண்ணான்" என்று. சிஸ்டர் மருந்துக் குப்பியை எடுத்து வந்து, பிள்ளையிடம் வழக்கம்போல எந்தக் கை என்று கேட்டார். அவன் கையைக் கொடுத்தான். எண்ணவில்லை. அதற்குப் பதிலாக, "சிஸ்டர், எங்க அப்பாவும் கீழ வுழுந்துட்டாரு. அவருக்கும் ஊசி போட்டீங்களா?" என்று கேட்டான்.

அவன் சொல்லச் சொல்லத்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. காது குத்த வந்த நகைப் பத்தர் வலது காதைக் குத்தினார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அதைப் பார்த்ததும் உனக்குத் தலை சுற்றி, மடியில் இருந்த பிள்ளையோடு சாய்ந்துவிட்டாய். பிள்ளையை யாரோ பிடித்துக்கொண்டார்கள். உனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததில் அடுத்த காதைக் குத்துவது நின்றுபோயிற்று. உன் பிள்ளையின் இடது காதைக் காப்பாற்றியது சாமியும் இல்லை, சிஸ்டரும் இல்லை, நானும் இல்லை. உன் மயக்கம். தகப்பனாக நீ இதுவரை அவனுக்குச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், அதையும் நினைவில்லாமல் செய்திருக்கிறாய்.

அன்றிலிருந்து நீ வரவில்லை. போன் செய்தால் ஷிஃப்ட் என்று ஒரு வரி. வெட்கம் என்று எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், படு. ஆனால் அதை இங்கே வந்து படு. நீ இல்லாத இடத்தில் உன் பெரியப்பா புதுக்கதை கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு காதோடு நிறுத்தியதால்தான் சாமிக்குக் கோபமாம், அதனால்தான் ரத்தம் வந்ததாம், அடுத்த குழந்தை பிறப்பதற்குள் இடது காதையும் முடித்துவிட வேண்டுமாம். போனில் சொன்னபோது நீ சரி என்றாயாமே! அண்ணன் என்கிற மரியாதைக்கு இத்தனை வருஷம் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், படிக்கட்டும். அண்ணா, அந்தப் பிள்ளையின் இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்தால், அது உங்கள் கையாக இருந்தாலும் தட்டிவிடுவேன்.

இப்போது அவசரம் என்னவென்றால், அந்த சிஸ்டரை இந்த மாதக் கடைசியோடு வேறு வார்டுக்கு மாற்றுகிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கையில் நரம்பு ஒளிந்திருக்கிறது, எவன் பாட்டுக் கேட்டால் கையை நீட்டுவான், எவள் துணி பொம்மைக்கு முதலில் பஞ்சு ஒட்டினால்தான் சம்மதிப்பாள் என்று வருஷக்கணக்கில் தெரிந்துகொண்ட ஒருவரைத் தூக்கி வேறு எங்கோ போடுகிறார்கள். நாங்கள் நாலைந்து பேர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். "எல்லாருக்கும் ரொட்டேஷன்தான்பா. புதுசா வர்றவங்க கத்துக்குவாங்க" என்றார்கள். கத்துக்கொள்ளட்டும், பாவம், அந்தப் பெண்ணும் நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். ஆனால் யார் கையில் கத்துக்கொள்வாள்? இவன் கையில்தானே? நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டேஷன் போடுகிறவர் தன் கையைக் கொடுப்பாரா? வாலாஜாபாத் பெண் இதை அங்கேயே கேட்டுவிட்டாள். பதில் வரவில்லை, டீ வந்தது. நாங்கள் குடிக்கவில்லை.

சிஸ்டர் போவதற்குள் ஒரு காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று நிற்கிறார். வீட்டிலேயே மருந்து ஏற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்கிறார். "ஒருத்தரு பத்தாது. அந்த ஒருத்தருக்கு ஜுரம் வந்தா?" என்கிறார். உன் மனைவி கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் அவள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற நாள் நெருங்கிவிட்டது. மருந்தும் வார்டும் இங்கே இருப்பதால் பிள்ளை என்னோடு இருக்கப் போகிறான். இரண்டாவது ஆளாக நான் பெயர் கொடுத்தேன். எல்லாம் கற்றுக்கொண்டேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவது, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியின் குளிர் போகக் காத்திருப்பது, மருந்துத் தூளில் நீரைச் சேர்த்துக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டுவது, காற்றுக் குமிழியை வெளியேற்றுவது, ஊசியை எடுத்த பிறகு தேய்க்காமல் அழுத்திப் பிடிப்பது, எல்லாம் சரியாக வந்தது. குத்துவதற்குப் பழக சிஸ்டர் தன் கையையே நீட்டினார். இந்த வருஷம் என் விரல்களில் நடுக்கம் தொடங்கியிருப்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. தறியில் ஊடுநூல் ஓட்டுகிற நாடாக் கட்டையைத் தள்ளுவதற்கு அது ஒரு தொந்தரவில்லை. பட்டு இன்னும் ஓடுகிறது. ஊசிக்கு அது ஆகாது. இரண்டு தடவை குத்தினேன், இரண்டு தடவையும் நரம்பைத் தாண்டிப் போனது. சிஸ்டரின் கை நீலம் பாரித்தது. அந்த நீலத்தைப் பார்த்து அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. "தாத்தா, நீங்க மத்ததெல்லாம் பண்ணுங்க. குத்தறதுக்கு மட்டும் வேற கை வேணும். இவங்க அப்பா எங்க?" என்றார்.

உன் கையைத்தான் கேட்கிறேன். கம்பெனியில் மயிரிழை ஒயரைப் பிடித்து ஊசிமுனைத் துளையில் பொருத்துகிற கை அது. அந்தக் கை என்னிடமிருந்து உனக்கு வந்தது. அதையும் எந்த வழி ரத்தம் என்று யாரும் கேட்கவில்லை. ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்பாய். பிராய்லர் கடையில் வரிசையில் நின்று, "இன்னும் சின்னதா வெட்டுபா" என்று சொல்லும்போது உனக்கு மயக்கம் வந்து நான் பார்த்ததில்லை. சரி, உன் பிள்ளை ரத்தம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். நீ அவன் வயதில் இருந்தபோது தறியிலிருந்து நாடா பறந்து வந்து அதன் இரும்பு முனை உன் புருவத்தைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது, கண்ணாடியில் பார். தையல் போடும்போது உன் தலையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் தையலிலேயே எனக்குக் கண் இருட்டிவிட்டது. சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே மயங்கியிருக்கிறேன். மடியை மட்டும் அசைக்கவில்லை. கடைசியில் உன் அம்மா எழுப்பியபோது உன் தலை அப்படியே இருந்தது. அதனால் பயப்படாத ஆம்பளையாக வா என்றெல்லாம் உன்னிடம் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே வா. மடி அசையக் கூடாது, அவ்வளவுதான்.

வந்ததும் முதலில் உன் மனைவியிடம் பேசு. பந்தியில் சொன்னதைத் தனியறையில் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. சொன்ன இடத்தில், கேட்டவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு இந்தக் குழுவே போதும். அவள் மன்னிப்பாளா என்று எனக்குத் தெரியாது. மன்னிக்காவிட்டாலும் அவளிடம் நான் பரிந்து பேசப் போவதில்லை. ஊசி போடக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு வியாழக்கிழமை காலையில். சிஸ்டருக்கு அதுதான் இங்கே கடைசி வகுப்பு. லீவு போடு. தர மாட்டார்கள் என்றால் காரணத்தைச் சொல்லிக் கேள். உன் பிள்ளைக்கு என்ன நோய் என்று உன் கம்பெனியில் ஒருவருக்காவது சொல்லியிருக்கிறாயா?

நேற்று வார்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இப்போதெல்லாம் அவன் கட்டிலின் ஒரு ஓரமாகச் சுவரை ஒட்டிப் படுத்துக்கொள்கிறான். நடுவில் வா, கை எட்டவில்லை என்று சிஸ்டர் இழுத்தால் மறுபடி ஓரத்துக்கே போய்விடுகிறான். சில வாரமாக இதே கூத்து. நேற்று சிஸ்டர் பொறுமையிழந்து, "ஏன்டா செவுத்த ஒட்டிக்கினு கெடக்கற, இவ்ளோ எடம் இருக்குது?" என்று கேட்டார்.

"அது அப்பாவுக்கு. அப்பா ஊசி போட வந்தாருன்னா வுழுவாருல்ல? கீழ வுழுந்தா அடிபடும்."

சிஸ்டர் அதற்குப் பிறகு அவனை இழுக்கவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கமாகப் போய், இடுக்கில் நின்றுகொண்டு, குனிந்து ஊசி போட்டார்.

பாதிக் கட்டில் காலியாக இருக்கிறது. வந்து விழு.

உன் அப்பா